சேணத்துக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரு கட்டு மட்டும் உயர்ந்துகொண்டே போனது. எல்லாம் சேணத்துக்கு அடியில் போடும் பேட் பற்றி. எது வாங்குவது, எவ்வளவு தடிமன், ஏன் நழுவுகிறது, துவைக்கலாமா. முப்பது வருடமாகச் சேணங்களைப் பிரித்து, உள்ளே கம்பளி அடைத்து, திரும்பத் தைத்துக் கொடுத்து வருகிறேன். வேலைக்கு ஒரு சேணம் வந்தால், கூடவே வரும் பேட்டைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பேன். அழுக்கும் முடியும் ஒட்டிய அதன் அடிப்பக்கத்தில் அந்தக் குதிரையின் முதுகே தெரியும். அதனால் இந்த முறை பகுதி முழுவதும் பேட்டுக்கே.

கேள்வி: என் குதிரைக்கு ஒன்பது வயது. முதுகு நோகக் கூடாதே என்று ஒன்றரை அங்குலத் தடிமனில் ஃபோம் வைத்த பேட் வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்குகிறது, கடிக்கத் திரும்புகிறது. முன்பு இப்படிச் செய்ததே இல்லை. நல்ல பேட்தானே அக்கா, வேறு ஏதாவது காரணமா?

பதில்: நல்ல பேட்டாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் சேணத்துக்கு ஆகாத பேட். அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பொத்தான்களை மாட்டிப் பாருங்கள். ஸ்வெட்டர் மெத்தென்றுதான் இருக்கும், கையைத்தான் தூக்க முடியாது.

சேணத்துக்கு உள்ளே ட்ரீ என்று ஒரு சட்டம் இருக்கிறது. மரத்தில் இருக்கும், எஃகு சேர்ந்திருக்கும், இப்போது கெட்டிப் பிளாஸ்டிக்கிலும் வருகிறது. அதன் முன்வளைவுக்கு என்று ஓர் அகலம் உண்டு. அந்த அகலம் உங்கள் குதிரையின் தோளுக்குச் சரியாக அமைந்திருந்தால், நடுவில் ஒன்றரை அங்குலத்தைத் திணிக்க இடமே இருக்காது. திணித்தால் முன்வளைவு இரண்டு பக்கமும் கவ்வும், கவ்விக்கொண்டு மேலே ஏறி நிற்கும். உட்காரும் இடம் பின்பக்கம் சாயும். உங்கள் எடை இடுப்பை நோக்கிப் போகும். குதிரைக்குப் பதினெட்டு ஜோடி விலா எலும்புகள். கடைசி விலாவைத் தாண்டிய இடத்தில் எடையைத் தாங்குவதற்கு அடியில் கூடு இல்லை. அதோடு, குதிரைக்குக் காறை எலும்பும் கிடையாது. முன்னங்கால் முழுவதும் தசையால் மட்டுமே உடம்போடு பிணைந்திருக்கிறது. காலை முன்னால் நீட்டும்போது தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பு பின்னால் நகரும். அது நகர்ந்து வரும் இடத்தைத்தான் நீங்கள் இப்போது அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

இதை நான் வேறொருவர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரையைப் பார்த்துக்கொண்டேன். அதன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். பிரியத்தில் பருத்தித் துணி ஒன்று, அதன் மேல் ஜெல் ஒன்று, அதற்கும் மேல் செம்மறித்தோல் ஒன்று என்று மூன்றை அடுக்கிச் சேணம் பூட்டினேன். ஒன்று போதும் என்று சொல்ல அன்று பக்கத்தில் யாரும் இல்லை. குதிரை கொஞ்சம் கொஞ்சமாக அடியைச் சுருக்கியது, இறக்கத்தில் தயங்கியது. சோம்பல் என்று நினைத்தேன். அடுத்த முறை ரோமம் உதிர்ந்து புது ரோமம் முளைத்தபோது, தோள்மேட்டுக்கு, அதாவது கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் உள்ள மேட்டுக்கு, கீழே இரண்டு பக்கமும் பெருவிரல் அகலத்துக்கு வெள்ளை முடி வந்திருந்தது. ட்ரீயின் முனைகள் இரண்டும் உட்காரும் அதே இடம். அழுத்தம் தாங்காமல் முடிக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் செத்துப்போனால் அப்படித்தான் வெளுக்கும், பெரும்பாலும் நிறம் திரும்புவதில்லை. அந்தக் குதிரை இருபத்தேழு வயது வரை இருந்தது. கடைசி நாள் வரை தேய்த்துவிடும்போதெல்லாம் என் கை அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளில் நின்றுதான் நகரும்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பேட்டே இல்லாமல் சேணத்தை மட்டும் வைத்து, வாரை மிதமாக இறுக்குங்கள். முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் செங்குத்தாக நுழைய வேண்டும். அப்புறம் கையைத் தட்டையாக வைத்து, சேணத்தின் முன்விளிம்புக்கு அடியில் தோள் பக்கம் மேலிருந்து கீழே இறக்குங்கள். வழி நெடுக ஒரே மாதிரி இதமான இறுக்கம் தெரிந்தால் நல்லது. இப்போது உங்கள் தடித்த பேட்டைப் போட்டு அதே கையை அதே வழியில் இறக்குங்கள். விரல் முட்டி மாட்டிக்கொள்ளும் இடம் எதுவோ, அங்கேதான் உங்கள் குதிரை காதை மடக்குகிறது. கடைசியாக, யாரையாவது மேலே உட்கார வைத்து இன்னொரு முறை பாருங்கள். ஆள் ஏறியதும் சேணம் இறங்கும், அளவு மாறும்.

மெல்லிய பருத்தி பேட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் பாருங்கள். அப்போதும் வாரைக் கண்டதும் கடிக்க வந்தால் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். இரைப்பைப் புண் உள்ள குதிரையும் வார் இறுக்கும்போது இதே மாதிரிதான் காட்டும்.

கேள்வி: பேட் சேணத்தைச் சரிசெய்யாது என்று நீங்கள் முன்பே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பேட் எதற்கு?

பதில்: வியர்வையைக் குடிப்பதற்கு, உரசலைக் குறைப்பதற்கு, சேணத்தின் தோலை உப்பிலிருந்து காப்பதற்கு. நன்றாகப் பொருந்திய சேணத்துக்கு இதற்கு மேல் பேட்டிடம் கேட்க வேண்டியதில்லை. இது சின்ன வேலையும் இல்லை. சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் என்ற இடத்தில், பனியில் உறைந்த கல்லறைகளைத் தோண்டியபோது, சேணத்தோடு போடும் ஃபெல்ட் துணிகள் கெடாமல் கிடைத்தன. சுமார் 2,300 ஆண்டுப் பழமை. ஃபெல்ட் என்றால் நெய்யாமல் கம்பளியை நனைத்து அழுத்தியே செய்யும் கனத்த துணி. சேணத்தின் வடிவிலேயே வெட்டிய பேட்டை ஆங்கிலேயர்கள் நம்னா என்கிறார்களே, அந்தச் சொல்லே உருதுவின் நம்தாவிலிருந்து போனது. நம்தா என்றாலும் ஃபெல்ட்தான். குதிரை முதுகில் கம்பளி போடுவது அவ்வளவு பழைய பழக்கம்.

கேள்வி: என் குதிரைக்கு வியர்வை அதிகம். பருத்தி, கம்பளி, ஜெல், நியோபிரீன் என்று கடையில் பத்து வகை காட்டுகிறார்கள். எது வாங்குவது?

பதில்: குதிரையின் வியர்வை மனித வியர்வை மாதிரி வெறும் உப்புத் தண்ணீர் இல்லை. அதில் லேத்தரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள ரோமத்துக்குள் வியர்வை பரவி, மேலே வந்து ஆவியாக அது உதவுகிறது. உரசும் இடத்தில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகப் பொங்குவதும் அதனால்தான். சேணத்துக்கு அடியில் காற்றுப் படாது. அங்கே ஆவியாகிற வேலையில் பாதியைத் துணிதான் செய்ய வேண்டும்.

அன்றாட வேலைக்கு என் கை முதலில் போவது தையல் போட்ட பருத்தி பேட் பக்கம். வியர்வையை நன்றாகக் குடிக்கும், துவைக்க எளிது, மெல்லியது. அதன் குறை, நனைந்தால் நனைந்ததுதான். நீண்ட சவாரியில் ஈரத் துணி சுருங்கி ஒரு மடிப்பு விழுந்தால், அந்த மடிப்பே தோலைத் தேய்க்கும்.

மணிக்கணக்கில் சவாரி செய்பவர் என்றால் கம்பளி. செம்மறித்தோலாக இருக்கலாம், கம்பளி ஃபெல்ட்டாக இருக்கலாம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். இழை சுருண்டிருப்பதால் நசுங்கினாலும் எழுந்துவிடும். வாங்கும்போது ரோமத்தைப் பிரித்து அடியைப் பாருங்கள். தோலிலேயே முளைத்த ரோமமா, நெய்த துணியில் ஒட்டிய செயற்கை இழையா என்று அங்கே தெரிந்துவிடும். செயற்கை இழை புதிதில் பஞ்சு மாதிரி இருக்கும், சில மாத வியர்வையில் உருண்டு உருண்டு கட்டியாகிவிடும். அந்தக் கட்டிகள் முதுகில் கடலை மாதிரி உறுத்தும்.

நியோபிரீன் ஒரு வகைச் செயற்கை ரப்பர். நழுவாது, கழுவ எளிது. ஆனால் காற்றும் போகாது, ஈரமும் போகாது. வியர்வை அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் குதிரைக்கு வேண்டாம்.

ஜெல் பற்றி ஒன்று. கையால் அமுக்கினால் அருமையாக இருக்கும், அதை நம்பி வாங்காதீர்கள். உங்கள் கட்டைவிரல் அரை நிமிடம் அமுக்குகிறது, சேணமோ ஒரு மணி நேரம் உட்காருகிறது. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஜெல், தோல், ஃபோம், பனிமான் ரோமம் என நாலு வகை பேட்களை, சரியாகப் பொருந்திய சேணத்துக்கு அடியில் போட்டு, அழுத்தம் அளக்கும் பாயை வைத்துப் பார்த்தார்கள். நடையிலும் டிராட் என்ற மெல்லோட்டத்திலும் முதுகில் விழும் மொத்த விசையைக் குறிப்பிடும்படி குறைத்தது பனிமான் ரோமம் மட்டும்தான். ரோமத்துக்கு இப்படி ஒரு குணம் இருக்கிறது என்பது எனக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்ததுதான், எண்ணாகப் பார்த்தபோது மகிழ்ச்சியாக இருந்தது.

கேள்வி: சவாரி முடிந்து சேணத்தை இறக்கினால் முதுகு முழுவதும் ஈரமாக இருக்கிறது, தோளுக்குப் பின்னால் இரண்டு இடம் மட்டும் உள்ளங்கை அளவில் காய்ந்திருக்கிறது. அந்த இடத்தில் உரசல் இல்லை, நல்லது என்கிறார் எங்கள் பயிற்சியாளர். சரியா?

பதில்: உடனே சரி என்று சொல்ல மாட்டேன். சுற்றிலும் வியர்த்து நடுவில் காய்ந்த திட்டு இருந்தால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, சேணம் அங்கே தொடவே இல்லை. இன்னொன்று, அங்கே விடாமல் அழுத்தியதில் வியர்வைச் சுரப்பி வேலை செய்யவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர், பார்வைக்கு ஒரே மாதிரி. கண்ணால் முடிவு செய்ய முடியாது, கையைத்தான் விட வேண்டும்.

பேட்டும் சேணமும் போட்ட நிலையில் அந்தத் திட்டு இருந்த இடத்துக்குக் கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போனால் அங்கே தொடுகை இல்லை. நுழையவே மறுத்தால் அழுத்தம். தோளுக்குப் பின்னால், இரண்டு பக்கமும், உள்ளங்கை அளவு என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அழுத்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். சேணம் இறக்கிப் பத்து நிமிடம் கழித்து அந்த இடத்தைத் தடவுங்கள். சூடாக இருக்கிறதா, லேசாக வீங்கியிருக்கிறதா, விரலால் அமுக்கினால் முதுகைத் தாழ்த்துகிறதா? இதில் ஒன்று ஆம் என்றாலும் சேணம் சரிபார்ப்பவரைக் கூப்பிடும் வரை அந்தச் சேணத்தை வைக்க வேண்டாம்.

காய்ந்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. முதுகெலும்பின் மேலே, முன்னிருந்து பின் வரை ஒரு நீள வழி. சேணத்தின் நடுப்பள்ளம் அங்கே எதையும் தொடக் கூடாது. அந்த வழி மங்கலாகவாவது காய்ந்திருந்து, இரண்டு பக்கமும் ஈரம் ஒரே சீராகப் பரவியிருந்தால் நிம்மதியாகப் போய்த் தேநீர் குடிக்கலாம்.

ரோமத்தையும் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் முடி சுழன்று கலைந்திருந்தால் அங்கே ஏதோ ஆடுகிறது. ஒரு வாரம் தினமும் வெள்ளை பேட் போட்டு, கழற்றியதும் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஏழு படத்தையும் வரிசையாக வைத்தால் பயிற்சியாளரோடு வாதாடவே வேண்டியிருக்காது.

கேள்வி: பேட் பின்னால் நழுவி, சேணத்துக்கு அடியில் சுருண்டுவிடுகிறது. குதிரைக்குத் தோள்மேடு நல்ல உயரம். வாரை இன்னும் இறுக்கலாமா?

பதில்: வாரைத் தொடாதீர்கள். இது பேட்டின் வெட்டு சம்பந்தப்பட்டது. மேல்விளிம்பு நேர்க்கோடாக வெட்டிய பேட், உயரமான தோள்மேட்டின் மேல் கயிறு மாதிரி இழுபட்டு நிற்கும். சவாரியில் குதிரையின் ஒவ்வொரு அடியும் அதைப் பின்னால் தள்ளும். உங்களுக்கு வேண்டியது முதுகின் வளைவுக்கே வளைத்துத் தைத்த பேட், அதாவது முன்னால் எழும்பி, நடுவில் இறங்கி, பின்னால் மீண்டும் லேசாக எழும்பும் வெட்டு. கடையில் பேட்டை நடுக்கோட்டில் இரண்டாக மடித்து, பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மடிப்பு நேராக இருந்தால் வைத்துவிடுங்கள். வளைவாக இருந்தால் எடுக்கலாம். நடுத்தையலும் முக்கியம். முதுகெலும்பின் மேல் வரும் அந்தத் தையல் தடித்த நாடா வைத்து முடிச்சாக இருந்தால் நேரே எலும்பில் உராயும்.

அளவு பற்றிச் சுருக்கமாக: பேட் சேணத்தைவிட முன்னாலும் பின்னாலும் ஓரிரு அங்குலம் வெளியே தெரிய வேண்டும். பேட்டின் விளிம்பு சேணத்துக்கு அடியில் போய் முடிந்தால் அந்த விளிம்பே ஒரு கோடாக அழுத்தும். தடை தாண்டும் சேணத்துக்குப் பக்கவாட்டில் தொங்கும் மடல் முன்னோக்கி வெட்டியிருக்கும், டிரெஸ்ஸாஜ் என்ற ஒழுங்கு நடைச் சவாரிக்கான சேணத்துக்கு நேராக இறங்கும், பேட்டும் அதே வெட்டில் இருக்க வேண்டும். மட்டக்குதிரைக்குப் பெரிய குதிரையின் பேட்டைப் போட்டால் பின்முனை இடுப்பில் தேயும்.

இனி போடும் முறை. பாதிப் பேருக்கு நழுவுவது இங்கேதான் தொடங்குகிறது. முதலில் கையால் முதுகைத் தடவி, ஒரு வைக்கோல் துணுக்குகூட இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டை வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் முன்னால், பிடரி மயிர் முடியும் இடத்தில் வையுங்கள். அங்கிருந்து பின்னால் இழுத்து வாருங்கள், ரோமம் அடியில் படிந்து படுக்கும். கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் போய்விட்டால் முன்னால் தள்ளாதீர்கள், ரோமம் எதிர்த்து நிற்கும். முழுவதும் தூக்கி எடுத்து மறுபடி முன்னாலிருந்து தொடங்குங்கள். சேணத்தை மெல்ல மேலே இறக்குங்கள். இப்போது இடது கையைச் சேணத்தின் முன்வளைவுக்குள் விட்டு, பேட்டின் நடுப்பகுதியைப் பிடித்து மேலே தூக்கி, வளைவின் உச்சியைத் தொடும்படி செருகுங்கள். தோள்மேட்டுக்கு மேலே பேட் கூடாரம் மாதிரி நிற்க வேண்டும், உள்ளே வெளிச்சம் தெரிய வேண்டும். பின்பக்கமும் அப்படியே. இதைச் செய்த பிறகுதான் வார். இரண்டு மூன்று துளை இறுக்கி, குதிரையைப் பத்தடி நடத்தி, கூடாரம் இறங்கியிருக்கிறதா என்று திரும்பக் கையை விட்டுப் பாருங்கள். இறங்கியிருந்தால் தூக்கிவிட்டு மறுபடி இறுக்குங்கள். பேட்டில் தைத்திருக்கும் நாடாக்களைச் சேணத்தின் வாரில் கோத்தால் கூடாரம் அப்படியே நிற்கும். அவற்றை வெட்டி எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன், வெட்டாதீர்கள்.

இத்தனை செய்தும் நழுவினால், நழுவுவது சேணம்தான். பேட் அதோடு போகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: கறுப்புக் குதிரைக்கு எந்த நிறப் பேட் பொருந்தும்?

பதில்: பிடித்ததைப் போடுங்கள், அடிப்பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கட்டும். ரத்தமும் அழுக்கும் வெள்ளையில்தான் உடனே தெரியும். அடர் நிறப் புது பேட்டை முதலில் ஒரு முறை தனியாகத் துவைத்துவிடுங்கள், வியர்வையில் சாயம் இறங்கித் தோல் அரிக்கும்.

கேள்வி: கால் அடிபட்டு ஐந்து மாதம் ஓய்வில் இருந்த குதிரை. முதுகுத் தசை வற்றிவிட்டது, சேணம் இப்போது தொளதொளவென்று முன்னால் இறங்குகிறது. வலது தோள் இடதைவிடச் சிறியதாகவும் தெரிகிறது. புதுச் சேணம் வாங்குவதா, பேட் போதுமா?

பதில்: தடித்த பேட் உண்மையிலேயே உதவுவது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். சேணம் அகலமாகிப்போன இடத்தை நிரப்பலாம், குறுகலான சேணத்தைத்தான் எந்தப் பேட்டாலும் அகலப்படுத்த முடியாது. குதிரை மீண்டும் வேலைக்கு வந்து தசை ஏறினால் பழைய சேணமே சரியாகலாம், அதனால் புதிது இப்போது வேண்டாம்.

ஓரத்தில் பைகள் தைத்து, உள்ளே ஃபெல்ட் அல்லது ஃபோம் துண்டுகள் செருகும் பேட் கிடைக்கிறது. அந்தத் துண்டை ஷிம் என்கிறோம். முன்னால் இறங்கும் சேணத்துக்கு முன்பைகளில் மட்டும் ஷிம். வலது தோள் சிறியது என்றால் வலது முன்பையில் ஒன்று கூடுதல். மெல்லிய துண்டில் தொடங்குங்கள். ஒரு துண்டு செருகியதும் இரண்டு பேர் பாருங்கள், ஒருவர் பக்கவாட்டில், ஒருவர் பின்னால் பாதுகாப்பான தூரத்தில் நின்று. உட்காரும் இடத்தின் அடி மட்டமாக வர வேண்டும், பின்னாலிருந்து நடுப்பள்ளம் முதுகெலும்புக்கு நேராக வர வேண்டும். போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். ஷிம்மின் ஓரம் சீவி மெலிந்திருக்கட்டும். வெட்டிய கட்டை ஓரம் இருந்தால் கத்தியால் நானே சீவிவிடுவேன், அந்தப் படிக்கட்டு முதுகில் பதியும்.

அப்புறம், மறந்துவிடாதீர்கள். தசை ஏற ஏற ஷிம்மை எடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். வளையும் கம்பி ஒன்றைத் தோள்பட்டைக்குப் பின்னால் முதுகின் குறுக்கே வளைத்து, அந்த வளைவை ஒரு தாளில் வரைந்து தேதி போடுங்கள். அடுத்த முறை அதே தாளில் வேறு நிறத்தில் வரையுங்கள். கோடு வெளியே நகர்வதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷமே தனி. குதிரை நன்றாகிவிட்டது, ஷிம் மட்டும் உள்ளேயே இருந்தது என்று என்னிடம் வந்த சேணங்கள் பல.

இடது வலது வேறுபாடு மட்டும் குறையாமலே இருந்தால், கால் வலி மிச்சம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான் ஒரு சவாரிப் பள்ளியில் வேலை செய்கிறேன், வயது 19. பதினான்கு குதிரைக்கு ஆறு பேட். மாற்றி மாற்றிப் போடுகிறோம். வாரம் ஒரு முறை துவைத்து, வாசனைத் திரவத்தில் ஊறவைத்து வெயிலில் போடுகிறேன். இரண்டு குதிரைக்கு வட்ட வட்டமாக முடி கொட்டுகிறது. என் முழங்கையிலும் ஒரு வட்டம் வந்திருக்கிறது.

பதில்: தம்பி, முதலில் உன் கையை மருத்துவரிடம் காட்டு, குதிரையோடு வேலை செய்கிறேன் என்பதையும் சொல். அது படர்தாமரையாக இருக்கலாம். பூஞ்சையால் வருவது, குதிரையிலிருந்து மனிதனுக்கும் தொற்றும். அந்தப் பூஞ்சையின் வித்துகள் துணியிலும் தூரிகையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆறு பேட்டும் பதினான்கு முதுகில் சுற்றினால் ஒரு குதிரையின் நோய் எல்லாவற்றுக்கும் போகும்.

அந்த இரண்டு குதிரைகளுக்கும் இப்போது சேணமே வேண்டாம். கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். அவர் சொல்லும் பூஞ்சைக் கொல்லி மருந்தில் பேட், தூரிகை, வார் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். இனிமேல் ஒரு குதிரைக்கு ஒரு துணி. பள்ளியில் பணமில்லை என்பார்கள். பதினான்கு தடித்த பேட் வேண்டாம், மெல்லிய பருத்தித் துணி பதினான்கு போதும். அதை அடியில் போட்டு, ஓரத்தில் குதிரையின் பெயரை நூலால் தைத்துவிடு. மேலே எந்தப் பேட்டும் வேண்டியதில்லை. உன் நிர்வாகிக்கு இந்தப் பகுதியைக் காட்டு.

துவைப்பதில் ஒரு மாற்றம். வாசனைத் திரவத்தை விட்டுவிடு. அது துணியில் தங்கி, வியர்வையில் கரைந்து தோலை அரிக்கும், துணி ஈரம் குடிப்பதையும் குறைக்கும். காய்ந்த பேட்டை முதலில் கெட்டித் தூரிகையால் தேய்த்து முடியை எல்லாம் எடுத்துவிடு, அப்புறம் மிதமான சோப்பு, இரண்டு முறை நல்ல தண்ணீர். பருத்தி வெயிலில் காயலாம். செம்மறித்தோல் என்றால் குளிர்ந்த தண்ணீர், கம்பளிக்கான சோப்பு, நிழல்தான். வெயிலில் போட்டால் தோல் அப்பளம் மாதிரி விறைத்துவிடும்.

கேள்வி: தத்தெடுத்த குதிரை. தோள்மேட்டின் மேல் பழைய சேணத்தால் வந்த புண், இப்போதுதான் ஆறியிருக்கிறது. அந்த இடம் படாதபடி பேட்டில் வட்டமாக ஓட்டை வெட்டிப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். எப்போது மறுபடி சேணம் வைக்கலாம்?

பதில்: ஓட்டை வெட்டாதீர்கள். அந்த இடத்தில் விழும் எடை ஓட்டையின் விளிம்புக்குப் போகும். ஆறிய புண்ணைச் சுற்றி ஒரு வளையமாகப் புதுப் புண் வரும், அப்படி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ட்ரீ இல்லாத வெறும் பேட்டைக் கட்டி அதன் மேல் உட்காரலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அதில் உங்கள் எடை உட்காரும் எலும்பு இரண்டின் கீழ் மட்டும் விழும், முதுகெலும்பைக் காக்க நடுப்பள்ளமும் கிடையாது. இப்போது அதுவும் வேண்டாம்.

பொறுக்கு உதிர்ந்தால் மட்டும் போதாது. அடியில் புதுத் தோல் காகிதம் மாதிரி இருக்கும். ரோமம் முழுவதும் மூடி, சுற்றியுள்ள தோலைப் போலவே அந்த இடமும் விரலுக்கு அசைந்து கொடுக்க வேண்டும். அதுவரை கயிற்றில் பிடித்து நடத்துங்கள், மேடு ஏற்றுங்கள், முதுகுத் தசை வரட்டும். அந்தச் சமயத்தில் பழைய சேணத்தை விட்டுவிட்டு, தோள்மேட்டின் மேல் நல்ல இடைவெளி விடும் சேணம் பாருங்கள். அது கிடைத்த பிறகுதான் பேட், சுத்தமான செம்மறித்தோல், அதுவும் முதுகெலும்பின் மேல் வரும் வழியைத் திறந்து தைத்ததாக.

முதல் நாள் பேட்டை மட்டும் முதுகில் வைத்து எடுங்கள். இந்தக் குதிரை துணியைக் கண்டதும் தசையை இறுக்கிக்கொள்ளும், பழைய வலி அதற்கு மறந்திருக்காது. அது தலையைத் தாழ்த்தி மூச்சை விடும் வரை கழுத்தைத் தடவிக்கொண்டே நில்லுங்கள், அன்றைக்கு அது போதும். சில நாள் கழித்துச் சேணம், ஆள் இல்லாமல், பத்து நிமிடம் நடை. கழற்றியதும் அந்த இடத்தில் புறங்கையை வையுங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இல்லை என்றால் மறுநாள் பதினைந்து நிமிடம்.